அதிகாரியின் சம்பளமும் ஊராட்சித் தலைவரின் மதிப்பூதியமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரைவிட அவருக்குக் கட்டுப்பட்ட அதிகாரி கூடுதல் சம்பளம் வாங்குவது மக்களாட்சிக்கே இழுக்கு என்ற பொருளில், தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கடிதத்தைப் படித்தேன். ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இது குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன். ஓய்வூதியம் வாங்குகிறவன் அரசு ஊழியருக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று கருதுவோர், கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு அந்த முடிவுக்கு வரட்டும்.

அதிகாரி கூடுதலாக வாங்குவதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. அரசு ஊழியர், நடத்தை விதிகளின்படி, முன் அனுமதி இல்லாமல் வேறு தொழில் எதிலும் இறங்க முடியாது; இளம் வயதில் தேர்வெழுதி நுழைந்து, அறுபது வயதுவரை அந்தச் சம்பளத்தையே நம்பியிருக்கிறார். சட்டமன்ற உறுப்பினருக்கு அப்படி ஒரு தடை கிடையாது. அவர் விசைப்படகு வைத்திருக்கலாம், ஐஸ் ஆலை நடத்தலாம், வழக்கறிஞராக நீதிமன்றத்துக்கும் போகலாம். தவிரவும், சம்பளம் கூடினால் அதிகாரமும் கூடிவிடும் என்பது கற்பனை. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரை 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தபோது மத்திய அரசின் மிக உயர்ந்த அதிகாரியான அமைச்சரவைச் செயலரின் மாத ஊதியம் இரண்டரை லட்சம் ரூபாய் ஆனது; அப்போது குடியரசுத் தலைவருக்கு ஒன்றரை லட்சம்தான். 2018ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அது ஐந்து லட்சமாக உயர்த்தப்படும் வரை இந்த நிலை நீடித்தது. அதனால் குடியரசுத் தலைவரின் கையெழுத்துக்கு மதிப்பு குறைந்துவிடவில்லை. இன்னும் பின்னால் போனால், 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், அரசுப் பணியாளர் எவருக்கும் பொதுவாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் தரக்கூடாது என்றது. 1937இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவையினர் அந்த 500 ரூபாயை ஊதியமாகப் பெற்றுக்கொண்டு, ஆயிரக்கணக்கில் சம்பளம் வாங்கிய ஐ.சி.எஸ். அதிகாரிகளை வைத்து ஆட்சி நடத்தினார்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் தன் சம்பளத்தைத் தானே முடிவு செய்துகொள்வதுதான் என்னைப் பொறுத்தவரை உறுத்தலான விஷயம். அரசமைப்பின் 195ஆம் பிரிவு அந்த உரிமையைச் சட்டமன்றத்துக்கே தந்திருக்கிறது. 2017 ஜூலையில் நம் சட்டமன்ற உறுப்பினர்களின் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தது இப்படித்தான். பிரிட்டனில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தனி ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டு, உறுப்பினர்களின் சம்பளத்தை அது நிர்ணயிக்கிறது. நம் நாடாளுமன்றமும் 2018இல் சம்பளத்தை விலைவாசிக் குறியீட்டோடு இணைத்தது. நாடாளுமன்ற உறுப்பினரின் மாதச் சம்பளம் 1,24,000 ரூபாய் என்று 2025 மார்ச்சில் வந்த அறிவிக்கை அதன் விளைவு. தொண்டியிலும் கீழக்கரையிலும் சிங்கப்பூர் போய்வந்தவர்கள், அங்கே அமைச்சருக்குப் பெரும் சம்பளம் கொடுத்து ஊழலை ஒழித்துவிட்டார்கள் என்று தேநீர்க் கடையில் அடித்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அங்குள்ள சட்டமும் அதைச் செயல்படுத்தும் உறுதியும் அந்தப் பேச்சில் ஏனோ விடுபட்டுவிடுகின்றன.

நிற்க. இந்த விவாதம் எப்போதும் கோட்டையிலும் டெல்லியிலுமே சுற்றிக்கொண்டிருக்கிறது. உண்மையான வித்தியாசம் தங்கச்சிமடம், பாம்பன், வாலிநோக்கம் போன்ற ஊராட்சிகளில்தான் கண்ணுக்குத் தெரியும். கிராம ஊராட்சித் தலைவருக்கு நீண்ட காலம் மாதம் 1,000 ரூபாய் இருந்த மதிப்பூதியம் பின்னர் 2,000 ரூபாய் ஆனது. அதே ஊராட்சியின் செயலர் காலமுறை ஊதியம் பெறுகிறார். தமிழக அரசுப் பணியின் ஆகக் கீழ்நிலை ஊதியமே 2017 திருத்தத்தின்படி 15,700 ரூபாயில் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. 2025–26ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் தலைவரின் ஒரு மாத மதிப்பூதியம் ஆறு நாள் கூலிக்குச் சமம். குடிநீர் வராவிட்டாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் ஊர் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறது. ஆண்டுக்கு ஆறு கிராமசபைகளில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில், கடலோர ஊராட்சி ஒன்றின் தலைவியாக இருந்தவர் பாசி எடுக்கும் தொழிலாளி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில்தான் அந்தத் தொழிலுக்குத் தோது. அந்த நாட்களைத் தவறவிட்டால் அடுத்த வற்றுக்குக் காத்திருக்க வேண்டும். பாறையில் கிழியாமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டு பாசி பிடுங்கும் விரல்களில் தழும்பு மறையவே மறையாது. ஒருநாள் காலையில் தீர்மானப் பதிவேட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தவர், ஓவர்சீயர் எம்-புக்கோடு (முடிந்த வேலையின் அளவைக் குறிக்கும் பதிவேடு) வந்து சேரும்வரை மாலை நான்கு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் அதிகாரி வேறொரு கூட்டத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். "சார், இன்னைக்குக் கடலும் போச்சு, கையெழுத்தும் ஆகல" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்கு நடந்தார். அன்று வட்டார வளர்ச்சி அலுவலருக்குச் சம்பளம் உண்டு, ஓவர்சீயருக்கு உண்டு, எனக்கும் உண்டு. எங்களில் வாக்கு வாங்கி வந்த ஒருவருக்கு மட்டும் அன்றைய வருமானம் இல்லை.

உள்ளாட்சியில் பெண்களுக்குச் சரிபாதி இடம் என்று 2016இல் சட்டம் செய்தோம். தனித்தொகுதி ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தை அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தையும் கடனையும் வைத்து ஓட்டுகிற குடும்பத்திலிருந்து ஒருவர், ஐந்தாண்டுகள் 2,000 ரூபாய்க்கு ஊர்வேலை பார்க்க எப்படி முன்வருவார்? ஒதுக்கீட்டுக்காக ஒரு பெயரை நிறுத்திவிட்டு, செலவு செய்ய வசதியுள்ள வேறொருவர் நாற்காலியில் உட்காருவதற்குச் சாதியும் ஆணாதிக்கமும் மட்டுமே காரணமல்ல. இந்த 2,000 ரூபாயும் ஒரு காரணம். பொதுப்பணி என்பது சேவை, அதற்குக் கூலி கேட்கலாமா என்று சொல்வோர் பெரும்பாலும் சாப்பாட்டுக்குக் கவலையில்லாதவர்களாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன். மதிப்பூதியம் கூடினால் கமிஷன் நின்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு கைநீட்டியவர்களோடு ஒரே அறையில் வேலை பார்த்தவன் நான். கமிஷன் வாங்காமல் தலைவராக இருக்க நினைப்பவருக்கு அது இயலவேண்டும் என்பதே என் கோரிக்கை.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் ஏறத்தாழ 12,500. அவற்றின் தலைவர்கள் அனைவருக்கும், அரசின் கடைநிலைத் தொடக்க ஊதியமான 15,700 ரூபாயையே கொடுத்தாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 236 கோடி ரூபாய் ஆகும். இப்போதைய தொகையைக் கழித்தால் கூடுதல் செலவு சுமார் 206 கோடி. 234 சட்டமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதி, தலா மூன்று கோடி வீதம், ஆண்டுக்கு 702 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இந்தக் கூடுதல் செலவு எட்டவில்லை. இத்தொகையை மானியக் கோரிக்கையின்போது அமைச்சர் அறிவிக்கும் சலுகையாக விட்டுவிடாமல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமையும் மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைக்கு உட்படுத்தலாம். அதிகாரிகளுக்கு ஊதியக் குழு இருப்பதுபோல் இவர்களுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

நம் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளுடைய பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. புதிய மதிப்பூதியத்தைத் தேர்தல் அறிவிக்கைக்கு முன்பே அரசு அறிவிக்க வேண்டும். தேர்தல் முடிந்தபின் உயர்த்தினால் வென்றவர்களின் வருமானம் மட்டுமே கூடும்; முன்கூட்டியே உயர்த்தினால்தான் பாசி எடுக்கும் பெண்ணும் வள்ளத்தில் கூலிக்குப் போகிறவரும் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேட்புமனு வாங்க வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊராட்சி ஒன்றியப் பணியாளர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.