நுகர்வோர் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று அரசுப் பள்ளிக்குப் போய், பாக்கெட்டில் விலையும் காலாவதித் தேதியும் எங்கே இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்டினோம்.

வந்த புகார்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் சுத்திகரிப்பு மிஷின் விற்க வீடு வீடாக வருகிறவர்கள் ஒரு 'சோதனை' செய்கிறார்கள். ஒரு டம்ளரில் நம் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த, உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் உள்ள கருவியை இரண்டிலும் இறக்கிக் கரண்ட் கொடுத்ததும் குழாய்த் தண்ணீர் சேறுபோல ஆகிவிடுகிறது. "பாருங்கம்மா, இதைத்தான் உங்க பேரப்பிள்ளை குடிக்குது" என்று கேட்டதும், நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற அங்கன்வாடி ஊழியர் பதறிப்போய் அப்போதே முன்பணம் கொடுத்துவிட்டார்.

அதேபோல ஒரு கருவியை வாங்கி ஜூலை கூட்டத்தில் செய்துபார்த்தோம். ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் அதுவும் பழுப்பானது! கரைவது கருவியின் இரும்புக் கம்பி. உப்பும் தாதுக்களும் உள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடுகிறது, அவ்வளவுதான். தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்பதை இது காட்டவே காட்டாது. ஒரு பாட்டியின் பயத்தை முதலாக்கி வியாபாரம் செய்வதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பொருளின் தேவையைப் பற்றித் தவறாக நம்பவைத்து விற்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அதைக் குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்பினோம்; முன்பணம் திரும்ப வந்தது.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருந்த கடை ஒன்றும், பழுதான மிக்சியைப் பேசியபிறகு மாற்றித் தந்தது. இன்னொரு புகாரில் நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பொருள் வாங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, கையில் பில்லும் இல்லை. அந்தப் பெரியவர் சோர்ந்துபோய் எழுந்து போனது இன்னும் மனசில் நிற்கிறது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் செலவாகும் என்று பலர் தயங்குகிறார்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே கிடையாது; வக்கீல் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பதும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம்.

அடுத்த ஆண்டு அந்தச் சோதனைக் கருவியைத் தெருத் தெருவாக எடுத்துப் போகத் திட்டம். சனிக்கிழமை மாலைகளில் வரக்கூடியவர்கள் பெயர் கொடுங்கள். கணக்கைப் பொருளாளர் படிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்