லெட்லி கிங்கை நிற்க வைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். உங்களில் பெரும்பாலோரின் பெயர் எனக்குத் தெரியாது. லண்டன் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கால்பந்து கிளப்பின் சிகிச்சை மேசையருகே, நீச்சல் குளத்தின் ஓரத்தில், உடற்பயிற்சிக் கூடத்தில் நின்றவர்கள் நீங்கள். லெட்லி கிங் என்ற ஒரு தடுப்பாட்டக்காரர் தொண்ணூறு நிமிடம் ஆடுவதற்காக வாரம் முழுவதும் உழைத்தீர்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்து மகிழ்ந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எனக்கு மூட்டுத் தேய்மானம் உண்டு. காலையில் படியிறங்கும்போது முழங்காலில் எழும் அந்த வலியை வேறொருவருக்கு விளக்கிச் சொல்ல முடியாது. லெட்லி கிங்கின் இடது முழங்காலில் குருத்தெலும்பே மிச்சமில்லை, எலும்போடு எலும்புதான் உரசுகிறது, அறுவை சிகிச்சைக்கும் அங்கே வேலையில்லை என்று மேலாளர் ஹாரி ரெட்நாப் சொன்ன செய்தியைப் படித்தபோது பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டேன். படியிறங்கவே தயங்குகிற காலோடு இவர் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கின் முன்கள வீரர்களைத் துரத்திக்கொண்டிருந்தார்.

நன்றியை முதலில் சொல்ல வேண்டியது கிழக்கு லண்டனுக்கு. அங்கே ‘போ’ என்ற பகுதியில் அவரை வளர்த்த தாயாருக்கும், சிறுவனாக அவரைச் சேர்த்துக்கொண்ட சென்ராப் என்ற ஞாயிற்றுக்கிழமை அணியை நடத்தியவர்களுக்கும் என் வணக்கம். இங்கிலாந்தின் இன்னொரு தடுப்பாட்டக்காரர் ஜான் டெர்ரியும் அங்கிருந்து வந்தவர்தான். பிள்ளைகளுக்காக ஞாயிறு தோறும் குளிரில் நின்ற அந்தப் பெரியவர்கள் இல்லாவிட்டால் இங்கிலாந்தின் தடுப்பாட்டமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

1999 மே மாதம் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் அவரை முதன்முதலாகக் களமிறக்கிய அன்றைய மேலாளர் ஜார்ஜ் கிரஹாமுக்கும் நன்றி. அன்று அணி தோற்றது. ஆனால் 2001-இல் தடுப்பு வரிசையின் தூணான சால் கேம்பல் எதிரி அணியான ஆர்சனலுக்குப் போனபோது, அந்தப் பெரிய பள்ளத்தை நிரப்ப ஓர் இளைஞர் தயாராக இருந்தார். 2004-05 பருவத்தில் லீக்கின் 38 ஆட்டங்களிலும் அவர் ஆடினார். பின்னாளில் நடந்ததை அறிந்தவர்களுக்கு அந்த எண்ணின் அருமை புரியும்.

2006 நவம்பர் 5 பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. டாட்டன்ஹாமின் அன்றைய சொந்த மைதானமான ஒயிட் ஹார்ட் லேனில் செல்சிக்கு எதிரான ஆட்டம். செல்சியின் அர்யென் ராபன் பந்தோடு கோலை நோக்கித் தனியாகப் பாய்கிறார். உலகின் மிக வேகமான கால்களில் ஒன்று அது. கிங் பின்னாலிருந்து ஓடிவருகிறார். சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை, தோளால் இடிக்கவும் இல்லை. ராபன் உதைக்கக் காலை ஓங்கும் கணத்தில் கிங்கின் கால் குறுக்கே நீள்கிறது, பந்து மட்டும் விலகிப் போகிறது. விரற்கடை தவறியிருந்தால் பெனால்டி. டாட்டன்ஹாம் அன்று 2-1 என்று வென்றது. லீக்கில் செல்சியை வென்று 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. கோல் அடித்தவர்கள் டாசனும் லெனனும். ஆனால் எனக்கு அந்த நாள் என்றால் அந்த ஒரு கால்தான். தடுப்பாட்டம் என்பது முரட்டுத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்த என்னைத் திருத்தியது அது.

2007-08 பருவத்தில் லீக்கில் அவரால் நான்கு ஆட்டங்களே ஆட முடிந்தது. இருந்தும் 2008 பிப்ரவரியில் வெம்பிளியில் செல்சியை வென்று லீக் கோப்பையை சக வீரர் ராபி கீனோடு சேர்ந்து தூக்கினார். கோப்பையைத் தூக்கிய கைகளை எல்லோரும் பார்த்தோம். அவரை அந்த மேடை வரை ஏற்றிவிட்டவர்களை யாரும் பார்க்கவில்லை.

அதன் பின் வந்த ஆண்டுகளுக்காகத்தான் இந்த மடலே. ஓர் ஆட்டம் முடிந்தால் முழங்கால் வீங்கும். வாரத்தின் மற்ற நாட்களில் தோழர்களோடு மைதானத்தில் பயிற்சி செய்ய முடியாது. நீச்சல், நிலைச் சைக்கிள், உடற்பயிற்சிக் கூடம். பிறகு அடுத்த ஆட்டம். வீக்கத்தை எப்போது வடியவிடலாம், எந்த அளவுக்கு மேல் கூடாது என்று நாள்தோறும் கணக்குப் பார்த்தவர்கள் நீங்கள். ‘முடியாது’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது எளிது. நீங்கள் அதைச் சொல்லவில்லை.

ஹாரி ரெட்நாப் அவர்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பயிற்சிக்கு வராதவருக்கு அணியில் இடமில்லை என்பது கால்பந்தில் எழுதாத சட்டம். அதை அவர் இந்த ஒருவருக்காக ஒதுக்கி வைத்தார்.

அவரோடு தடுப்பு வரிசையில் நின்ற மைக்கேல் டாசன், ஜொனாதன் உட்கேட், வில்லியம் கல்லாஸ், யூனுஸ் கபூல் ஆகியோரையும் நினைக்கிறேன். தடுப்பு வரிசை என்பது கூட்டுப் பழக்கம். எப்போது ஒன்றாக முன்னேறி, எதிரணி வீரரைப் பின்னால் விட்டு விதிமீறலில் சிக்கவைக்கும் ஆஃப்சைடு பொறி வைப்பது, யார் பந்துக்குப் போவது, யார் பின்னால் காப்பது என்பதெல்லாம் நாள்தோறும் ஆடிப் படிவது. வாரம் முழுவதும் இல்லாத ஒருவரை ஆட்ட நாளில் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நம்பி ஆட வேண்டுமென்றால் அதற்குப் பெரிய மனது வேண்டும்.

2010 மே 5, மான்செஸ்டர் சிட்டியின் மைதானம். சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பைத் தரும் நான்காம் இடத்துக்கான போட்டி. கிங்கும் டாசனும் நடுவில் நின்றார்கள், எதிரணியால் ஒரு கோலும் போட முடியவில்லை. 82-ஆவது நிமிடத்தில் பீட்டர் கிரவுச் தலையால் முட்டி வென்று கொடுத்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் ஐரோப்பாவின் தலைசிறந்த அந்தப் போட்டிக்குள் டாட்டன்ஹாம் நுழைந்தது. நான் நள்ளிரவைத் தாண்டி விழித்திருந்து கண்ணீரோடு பார்த்தேன்.

2012 ஜூலையில், 31 வயதில் அவர் ஓய்வு பெற்றார். 323 ஆட்டங்கள், ஒரே ஒரு கிளப். இன்னும் இருநூறு ஆடியிருக்கலாம் என்று சிலர் வருந்துகிறார்கள். கடைசி நூறு ஆட்டங்கள் நீங்கள் கொடுத்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் வழியைப் பார்த்து நானும் நீச்சலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நாளை காலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு.

நன்றியுடன்,
ஒரு ரசிகன்