நீதிபதி ஜான்ஸ்டன் செய்ததும் செய்யாததும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியேற்றக்கால நீதிமன்றங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, இலங்கையின் தலைமை நீதிபதியாக இருந்த சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனை ‘இலங்கையில் அடிமைமுறையை ஒழித்தவர்’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. அந்த வரி அவர் செய்யாததை அவர் மேல் ஏற்றுகிறது. உண்மையில் செய்ததை மறைத்தும் விடுகிறது.

1775இல் பிறந்த ஜான்ஸ்டன் ஸ்காட்லாந்துக்காரர் என்றாலும், சிறு வயதிலேயே பெற்றோருடன் சென்னை மாகாணத்துக்கு வந்து மதுரையில் வளர்ந்தவர், தமிழ் கற்றவர். சுவார்ட்ஸ் பாதிரியார் அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். மடக்கைக் கணிதத்தைக் கண்டறிந்த நேப்பியரின் வழியில் வந்த அவருடைய தாயார், இந்நாட்டாரின் கணித அறிவைப் பற்றி மதுரைப் பிராமணர்களிடம் கேட்டறிந்துகொண்டிருந்தார். அப்பணிக்குத் துணையாக அவர் வரவழைத்த இளம் அதிகாரிதான், பின்னாளில் தென்னாட்டுச் சுவடிகளைத் தேடித் திரட்டிய காலின் மெக்கன்சி. மெக்கன்சியின் சுவடித் தேடலுக்கு வித்திட்டது அந்த மதுரை வாசம்தான் என்று ஜான்ஸ்டனே 1832இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் கூறியிருக்கிறார். மெக்கன்சி திரட்டிய சுவடிகள் பல இருக்கும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. கட்டுரையில் இதற்கு இடமில்லாமல் போனது எனக்கு வருத்தமே.

பின்னர் சட்டம் பயின்று இலங்கையில் பணியேற்ற ஜான்ஸ்டன், 1809இல் இங்கிலாந்துக்குச் சென்று தீவின் ஆட்சிமுறையில் செய்ய வேண்டிய மாற்றங்களை அரசிடம் எடுத்துரைத்தார். அதன் பயனாக 1811இல் ஜூரி முறை நடைமுறைக்கு வந்தது. நாட்டு மக்களும் ஜூரிகளாக அமர்ந்து, தம்மவர் மீதான குற்ற வழக்குகளில் தீர்ப்புச் சொல்லும் உரிமையைப் பெற்றார்கள். இந்தியாவில் கம்பெனியின் ஆட்சி அந்த அளவுக்கு மக்களை நம்பாதிருந்த காலத்தில் இது துணிவான செயல். அவருடைய வாழ்நாள் பணிகளில் தலையாயது என்றே நான் கருதுவேன். ஆனால் ஜூரிகளை இனமும் சாதியும் பார்த்தே பிரித்து அமர்த்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

அடிமைமுறை பற்றிய செய்தி இதனோடு பிணைந்தது. ஜூரிகளாக அமரும் பெருமையைப் பெற்றவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அடிமைமுறையைக் கைவிட வேண்டும் என்று ஜான்ஸ்டன் அவர்களிடம் பல ஆண்டுகள் வலியுறுத்தி வந்ததன் விளைவாக, 1816 ஆகஸ்ட் 12 முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர்களாகவே கொள்ளப்படுவார்கள் என்று அவர்கள் தாமாகத் தீர்மானித்தார்கள். அன்று பட்டத்து இளவரசரின் பிறந்தநாள். சட்டத்தின் கட்டாயமின்றி உடைமையாளர்களையே இணங்க வைத்தது சிறிய காரியமன்று. ஆயினும் அதற்கு முந்தைய நாள் பிறந்த குழந்தைக்கும், அக்குழந்தையைப் பெற்ற தாய்க்கும் அத்தீர்மானத்தால் விடிவு பிறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கோவியர், நளவர், பள்ளர் என்ற பெயர்களோடு பிறவியிலேயே அடிமைகளாகக் கருதப்பட்டவர்களின் நிலையும் கொழும்பு வீடுகளில் ஏவல் செய்தவர்களின் நிலையும் ஒன்றல்ல. அடிமைமுறையைச் சட்டப்படி முற்றாக நீக்கிய ஆணை 1844இல்தான் வந்தது. ஜான்ஸ்டன் தீவை விட்டுச் சென்று அப்போது கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

இந்த இருபத்தெட்டு ஆண்டு இடைவெளியை ஒரு வரியில் அழித்துவிட்டால், அந்த ஆண்டுகளில் அடிமைகளாகவே வாழ்ந்து மடிந்தவர்களையும் அதனோடு சேர்த்து அழித்துவிடுகிறோம். ஜூரி முறையின் பயனை விளக்க, கம்பெனியின் ஆட்சியை மேற்பார்வையிட்ட பிரிட்டிஷ் அரசின் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் வின் என்பவருக்கு ஜான்ஸ்டன் பின்னாளில் எழுதிய கடிதத்தில், அத்தீர்மானத்தால் அடிமைமுறை முடிவுக்கு வந்தது என்னும் தொனி இருக்கிறது. அதை எழுதியவர் அதற்காகப் பாடுபட்டவர் என்பதை மனத்தில் கொண்டே நாம் அதைப் படிக்க வேண்டும். பின்வந்த வாழ்க்கைக் குறிப்புகள் அவருடைய சொல்லையே திரும்பச் சொல்லி வந்திருக்கின்றன. தங்கள் கட்டுரையாளரும் அவற்றை நம்பியிருக்கக்கூடும் என்பதால் அவரைக் குறை கூற நான் முனையவில்லை.

1823இல் லண்டனில் ராயல் ஆசியக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவராகவும், பின்னர் இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலில் அமர்ந்து இந்திய வழக்குகளைக் கேட்டவராகவும் இருந்த ஜான்ஸ்டன் 1849இல் மறைந்தார். அவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்றும், அதுவரை 1816ஆம் ஆண்டின் தீர்மானத்தையும் 1844ஆம் ஆண்டின் சட்டத்தையும் பிரித்துக் காட்டும் திருத்தக் குறிப்பொன்றை அடுத்த இதழிலேயே சேர்க்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மதுரை வாசகர் ஒருவர்