கட்டிலருகே நின்றவர்களுக்கு

வார்டு சிஸ்டர்களுக்கும் பிரதருக்கும் வணக்கம்.

அப்பா வீடு திரும்பி ஒரு மாதம் ஆகிறது. டிஸ்சார்ஜ் அன்று டாக்டருக்குச் சால்வை போர்த்தினோம். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆட்டோ நிற்கிறது என்று ஓடிவந்துவிட்டோம். அந்த உறுத்தலில்தான் எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் நின்றிருந்தது. அவர் கட்டிலைச் சுற்றி நின்றே பென்ஷன், செலவு, யார் வைத்துப் பார்ப்பது என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். "ஐயாவுக்குக் காது கேட்கும், வெளியில போய்ப் பேசுங்க" என்றார் இரவு ட்யூட்டி சிஸ்டர். சுருக்கென்றது. அவரோ பதில் வராத மனிதரிடம், தொடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் சொல்வார்: "ஐயா, இடப்பக்கம் திருப்பப் போறேன்." "துணி கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்." வேண்டுமென்றால் ஒரு முறை, வேண்டாமென்றால் இரண்டு முறை கண் சிமிட்டப் பழக்கியதும் அவர்தான். அப்பாவிடம் எதையாவது கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தீர்கள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. குதிகால் மெத்தையில் படாமலிருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த போர்வை. ஒவ்வொரு முறையும் இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறதா, அழுத்தினால் அந்தச் சிவப்பு வெளுக்கிறதா என்று பார்ப்பீர்கள். 19 நாளில் ஒரு படுக்கைப் புண் இல்லை. "காத்து மெத்தை நல்ல மெத்தை" என்கிறார் சித்தப்பா. மெத்தையா ராத்திரி 2 மணிக்கு எழுந்து வந்தது?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூக்கில் டியூப் இருந்தபோது, ஆசைப்படுவாரே என்று ஒளித்து ஒரு ஸ்பூன் காபி ஊற்றினேன். இருமல் நிற்கவில்லை. ஓடிவந்து தலைப்பக்கத்தை நிமிர்த்தி, சளி உறிஞ்சி எடுத்தபின்தான் திட்டினீர்கள். விழுங்கும் தசை சரியாகாதவரை வாயில் விடுவது நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகலாம் என்று விளக்கி, ஈரத் துணியால் நாக்கையும் உதட்டையும் துடைக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். அந்த வேலையை என்னிடமே விட்டதற்குத் தனி நன்றி.

முகம் சுளிக்காமல் துணி மாற்றிய ஆயாம்மாவுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

இப்போது கெட்டியான கஞ்சி, நிமிர்ந்து உட்கார்ந்து, தானே ஸ்பூனால். திருப்பும் நேரம் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. கீழே உள்ள கோணல் கையெழுத்து அப்பாவுடையது, இடது கையால் போட்டது. போடலாமா என்று கேட்டேன். ஒரு முறை சிமிட்டினார்.