மூட்டு மாற்று மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு,

வணக்கம். அறுவை அரங்கில் நீங்கள் முடித்த வேலையை அதன்பின் மாதக்கணக்கில் உடனிருந்து பார்க்கும் இயன்முறை சிகிச்சையாளர்களில் ஒருத்தி நான். முதியவர்களுக்கு அந்தச் சிகிச்சை எந்த அளவுக்குப் பலித்தது என்பதை நோயாளியிடம் கேட்காமலேயே முடிவு செய்துவிடுகிறோம். இந்த மடல் அதைப் பற்றித்தான்.

சிகிச்சையின் அருமையை நான் நன்றாக அறிவேன். இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுக்கு இங்கிலாந்து அறுவை சிகிச்சை நிபுணர் ஜான் சார்ன்லி 1962-இல் வழி திறந்தார். முழு முழங்கால் மாற்றுகளில் ஏறத்தாழ 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்கும் என்று 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. எழுபது வயதில் மாற்றிக்கொள்பவருக்குப் பெரும்பாலும் ஆயுளுக்கும் அதுவே போதும். ஆனால் மூட்டு தாங்குவது வேறு, மனிதர் தேறுவது வேறு. முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் பலனில் திருப்தி இல்லை என்கிறார். மறு அறுவை சிகிச்சைக்கு வராத வரையில் மூட்டு மாற்றுப் பதிவேட்டில் அவரும் வெற்றிக் கணக்கில்தான் சேர்கிறார்.

மறுபரிசோதனை அறையில் நடப்பதைச் சொல்கிறேன். எக்ஸ்ரேயில் மூட்டு அச்சுப் பிசகாமல் இருக்கிறது. முழங்கால் 110 பாகை மடங்குகிறது. "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்கிறீர்கள். முழங்கால் மாற்றிக்கொண்ட அம்மா நாற்காலியின் இரு கைப்பிடிகளையும் அழுத்தி எழ முயல்கிறார், முடியாமல் உட்கார்ந்துவிடுகிறார், மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி எழுகிறார். அப்போது உங்கள் பார்வை திரையில் இருக்கிறது. அவருடைய தொடைத் தசை இன்னும் தேறவில்லை. இரவில் வலியால் விழித்துக்கொள்கிறார், படியிறங்கப் பயப்படுகிறார். இவற்றை அவராகச் சொல்லமாட்டார். இவ்வளவு பாடுபட்ட மருத்துவரிடம் எப்படிக் குறை சொல்வது என்ற தயக்கம் அவருக்கு. கூட வந்த மகனோ "பரவாயில்லை டாக்டர்" என்று முந்திக்கொள்கிறார். மண்டியிடுவது பலருக்குக் கடினமாகவே இருக்கும், முழுமையாகத் தேற ஓராண்டுகூட ஆகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி ஏமாற்றம் இருந்திருக்காது.

விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருபவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. இவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். அறுவை சிகிச்சையை ஓரிரு நாளுக்குள் முடித்து, மறுநாளே எழுப்பி நிறுத்த வேண்டும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, நான் உங்களுக்கும் சொல்லத் தேவையில்லை. நான் வருந்துவது வேறொன்றுக்காக. சிகிச்சைக்கு மறுநாள் இரவு பெரியவர் திடீரென்று இடம் தெரியாமல் பேசுகிறார், குழாயைப் பிடுங்குகிறார். "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அது மனக்குழப்ப நிலை. வலி, நீரிழப்பு, தொற்று, தூக்கமின்மை, சில மருந்துகள் என்று அதற்குக் காரணங்கள் உண்டு. தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். அவருடைய கண்ணாடியும் காதுக்கருவியும் அலமாரியில் பூட்டிக் கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதியோர் நல மருத்துவர் முதல் நாளிலிருந்தே உடனிருந்தால் இவற்றில் பலவற்றைத் தவிர்க்கலாம்.

நான் கேட்பது அதிகமில்லை. முழங்கால் நோயாளியே தன் வலியையும் நடமாட்டத்தையும் பற்றி நிரப்பும் ஆக்ஸ்ஃபர்டு கேள்வித்தாள் 1998 முதல் இருக்கிறது. அதில் பன்னிரண்டே கேள்விகள். சிகிச்சைக்கு முன் ஒரு முறையும் ஓராண்டு கழித்து ஒரு முறையும் அதை அவர் கையில் கொடுங்கள். உறவினரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லுங்கள். "இந்தக் காலை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்று கத்தியை எடுப்பதற்கு முன்பே கேட்டு, பதிலைக் கோப்பில் எழுதுங்கள். ஓராண்டு கழித்து அது நடந்ததா என்று அதே பக்கத்தில் குறியுங்கள். அடுத்து அதே சிகிச்சைக்கு வருபவரிடம், உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்கு அது நடக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மதிப்புடன்,
ஓர் இயன்முறை சிகிச்சையாளர்