நிழலில்லா நாளுக்கு ஒரு பலகை

தண்டையார்பேட்டை,
ஜூலை கடைசி வாரம்

அன்புள்ள செல்வி,

நலம்தானே? ஐந்தாம் வகுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். நல்லதுதான். ஆகஸ்ட் 18 வருகிறது, விட்டுவிடாதே. சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டே முறை. ஏப்ரல் 24 கோடை விடுமுறையை ஒட்டிப் போய்விடும். நமக்குக் கிடைப்பது ஆகஸ்டுதான்.

பிள்ளைகளைக் கேட்டுப் பார், தினமும் பன்னிரண்டு மணிக்கு நிழலே விழாது என்பார்கள். மறுத்துப் பேசாதே. அளக்கவிடு.

ஒன்றரை அடிச் சதுர பிளைவுட் பலகை, அதன்மேல் சார்ட் பேப்பர். நடுவில் இரண்டு அங்குல உயர மரத்துண்டைக் கீழிருந்து ஆணி அடித்து நிறுத்தி, அரை இஞ்ச் பிவிசி பைப்பை அதில் செருகு. பலகைக்கு மேல் சரியாக 30 செ.மீ. இருக்கவேண்டும். மொட்டைமாடியில் ரசமட்டம் வைத்துப் பலகையைச் சமன் செய். நூலில் நட்டு கட்டித் தொங்கவிட்டு, பைப் சாய்ந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமிருந்து பார். இதில்தான் எல்லாம் கெட்டுப்போகும்: ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் அரை செ.மீ. நிழல் நின்றுவிடும், "இல்லாத நிழல் இருக்கே டீச்சர்" என்பார்கள்.

உச்சி வேளை 12 மணி அல்ல, 12.13. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் இருப்பதோ 80.3இல். அதற்கு 9 நிமிடம். மீதி 4 நிமிடம் பூமியின் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் வருவது. அதை ஐந்தாம் வகுப்பில் இழுக்காதே. 1906க்கு முன் 'மெட்ராஸ் நேரம்' என்று தனியாகவே ஒன்று இருந்தது, அது இந்த 9 நிமிடம் பின்தங்கியது என்று சொன்னால் போதும், காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

11.13க்குத் தொடங்கிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் புள்ளி வைக்கட்டும். முதல் புள்ளி சுமார் 7.8 செ.மீ., வியாசர்பாடி பக்கம். 11.43க்கு 3.8, 12.03க்கு 1.3. 12.13க்கு பைப்பைச் சுற்றி ஒன்றும் இருக்காது. பிறகு கடல் பக்கம் நீள ஆரம்பிக்கும். பைப்பின் நடுவிலிருந்து அல்ல, நிழல் விழும் பக்கத்து விளிம்பிலிருந்து அளக்கவேண்டும். ஸ்கேலின் ஓரத்தில் பூஜ்யத்துக்கு முன் கொஞ்சம் வெற்றிடம் இருக்குமே, அதையும் சேர்த்து அளப்பவர்கள், 1இலிருந்து எண்ணத் தொடங்குபவர்கள் என்று ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். மில்லிமீட்டருக்குச் சண்டை வந்தால் நுனியை உற்றுப் பார்க்கச் சொல். சூரியன் புள்ளியல்ல, தட்டு. அதனால் இந்த உயரத்தில் விளிம்பு 3 மி.மீ. வரை மங்கும். அரை செ.மீ.க்கு முழுமையாக்கி வரைபடம் போட்டால் போதும்.

ஆகஸ்டில் மேகத்தை நம்ப முடியாது. கவலைப்படாதே, ஒரு நாள் முன்பின் ஆனாலும் உச்சியில் 2 மி.மீ.தான் வித்தியாசம், மங்கலிலேயே மறைந்துவிடும். அன்று விடுமுறை என்றாலும் இதே வழிதான். சத்துணவு மணியைக் கொஞ்சம் தள்ளி அடிக்கச் சொல்லிவை. மாடித்தரை காலைப் பொசுக்கும், கோணி விரித்துவிடு. சூரியனை யாரும் அண்ணாந்து பார்க்கக் கூடாது.

தாளைத் தூக்கிப் போடாதே. டிசம்பர் 22 அன்று இதே பைப்புக்கு 12.07 மணி வாக்கில் 22 செ.மீ. நிழல் எண்ணூர் பக்கம் விழும். அடுத்த ஜூன் 21க்கு வெறும் ஐந்தரை, அதுவும் துறைமுகம் பக்கம். மூன்றையும் ஒரே தாளில் பார்த்தால்தான், சூரியன் நமக்கு வடக்கேயும் போகிறது என்று நம்புவார்கள். நம் ஊர்ப் பெரியவர்களில் பாதிப்பேருக்கே இது தெரியாது!

பலகை என்னிடம் இரண்டு இருக்கிறது, சனிக்கிழமை ஒன்றைக் கொடுத்தனுப்புகிறேன். ரசமட்டத்தை மட்டும் நீ யாராவது கொத்தனாரிடம் கேட்டு வாங்கிவை.

அன்புடன்,
மல்லிகா