மருதாணி ரகங்களை அளப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மானாவாரிக்கு ஏற்ற மருதாணி ரகம் எது என்று நட்டுப் பார்த்து வரிசைப்படுத்தும் ஆய்வாளர்களே, உங்கள் உழைப்பில் குறை சொல்ல வரவில்லை. நீங்கள் கையில் எடுக்கும் அளவுகோலைப் பற்றித்தான் பேச்சு.

முதல் இரண்டு வருட இலை எடையை வைத்து எந்த ரகத்தையும் முன்னுக்குத் தள்ளாதீர்கள். ஒருமுறை நட்டால் 20 வருடத்துக்கு மேல் நிற்கிற செடி இது. தொடக்கத்தில் அதன் கவனமெல்லாம் வேர் இறக்குவதில்தான். அப்போது தளதளவென்று நின்ற ரகம், மழை பொய்த்த வருடத்தில் வெட்டுக்குப் பிறகு துளிர்க்காமல் போனால் என்ன செய்வது? ஒரு வறட்சியைக்கூடப் பார்க்காத சோதனையை மானாவாரிச் சோதனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடுவே இரண்டு தண்ணீர் பாய்ச்சிய திடல் என்றால் சொல்லவே வேண்டாம்.

அப்புறம், எடை போடுவது இலையை, சிவப்பது லாசோன் என்ற சாயப்பொருளால். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: ஒரு ரகம் 1,000 கிலோ உலர் இலை தந்து அதில் லாசோன் 1 சதவீதம் என்றால், கிடைக்கும் சாயம் 10 கிலோ. இன்னொன்று 700 கிலோதான், ஆனால் 1.6 சதவீதம். சாயம் 11 கிலோவைத் தாண்டிவிடும். உங்கள் அட்டவணையில் தோற்றது எது?

இதைவிடச் சிக்கலானது நாற்று விஷயம். மருதாணியில் அயல் மகரந்தச் சேர்க்கை நடப்பதால் விதை நாற்று தாயைக் கொண்டு பிறப்பதில்லை. ஒரே வரிசையில் அகல இலை, சிற்றிலை, முள் மிகுந்தது எல்லாம் கலந்து நிற்கும். ரகம் மாறாமல் இருக்கக் குச்சி நட வேண்டும். சரி, ஆனால் குச்சியில் வந்த செடிக்கு விதைச் செடியைப் போன்ற ஆணிவேர் கிடையாது. வறண்ட மண்ணில் அந்த வேரை நம்பித்தானே இதை நடுகிறோம்! ஒரே ரகத்தைக் குச்சியாகவும், அதன் விதையிலிருந்து நாற்றாகவும் பக்கத்துப் பக்கத்தில் நட்டு ஐந்தாறு வருடம் பாருங்கள். எனக்கு முதலில் வேண்டியது அந்தக் கணக்குத்தான்.

உலர்த்தும்போது ஒரு மழை நனைத்தாலே இலையின் நிறமும் தரமும் கெட்டுவிடுகின்றன. அதனால் அறுவடைக்கு எப்போது தயாராகிறது என்பதையும் ரகவாரியாகக் குறித்துவையுங்கள்.

கடைசியாக, முள். முதிர்ந்த கிளைகளின் நுனி முள்ளாகிவிடும், ஆனால் அதற்கென்று ஒரு பத்தியை எந்த அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை. அடுத்த வெட்டு நாளில் நீங்களும் ஒரு வரிசையை அரிவாள் பிடித்து அறுத்துப் பாருங்கள், கையுறை இல்லாமல்.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி